இரண்டு கை உரம்

பெரியவளுக்குக் கோபம் வந்தால் வாளியோடு பேசுவாள். சின்னவளுக்குக் கோபம் வந்தால் பூனையோடு பேசுவாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் கோபம் வந்து, அது இறங்கவே மாட்டேன் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டதால், அந்த வீட்டில் வாளிக்கும் பூனைக்கும் கொஞ்ச நாளாகவே நல்ல மரியாதை.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். நீளமான வீடு. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பெரியவளின் அடுப்படி, அந்தப் பக்கம் சின்னவளின் அடுப்படி. ஆனால் முற்றம் ஒன்று, குழாய் ஒன்று, கொல்லையில் இருந்த நிலமும் ஒன்றுதான். அந்த நிலத்தில், வளைத்த இரும்புக் குழாய்களின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டிய ஒரு குடில். அதற்குள் வரிசை வரிசையாகக் குடைமிளகாய். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். தம்பி மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். வீட்டில் இருந்தாலும் தலை ஏதாவது ஒரு மோட்டாருக்குள்தான் இருக்கும். ஆக, குடில் பெண்கள் இருவரின் ராஜ்ஜியம்.

ராஜ்ஜியத்தில் ஆளுக்கொரு இலாகா. எரு பெரியவளுடையது. கோழி எருவையும் காய்ந்த இலையையும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைத்து, ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்து, "ம், பக்குவம் வந்துடுச்சு" என்று அவள் சொன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். உரத்தொட்டி சின்னவளுடையது. கல்யாணத்துக்கு முன் உரக்கடையில் வேலை பார்த்தவள். எந்த உர உப்பை எவ்வளவு கரைக்க வேண்டும், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். கரைத்ததைத் தொட்டியில் ஊற்றித் திறந்துவிட்டால், கறுப்புக் குழாய் வழியாக ஒவ்வொரு செடியின் காலடியிலும் சொட்டுச் சொட்டாக விழும்.

ஆரம்பத்தில் ஆளுக்குப் பாதி வரிசை என்று பிரித்துக்கொண்டுதான் வளர்த்தார்கள். உப்பு மட்டும் குடித்த செடி மளமளவென்று வளர்ந்தது, ஆனால் மண் அடுப்புக்கல் மாதிரி இறுகிவிட்டது. எரு மட்டும் தின்ற செடி, எழுந்திருக்கட்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றது. ஒரு முறை எருவும் போதவில்லை, கடையில் உப்பும் கிடைக்கவில்லை. இருந்ததைப் பகிர்ந்து எல்லாச் செடிக்கும் இரண்டிலும் பாதி பாதி போட்டார்கள். அந்தக் காய்ப்பு! உள்ளங்கையில் அடங்காத காய். தடித்த சதை. மேசையில் வைத்தால் உருளாமல், நாலு காலையும் ஊன்றிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து வீட்டுச் சட்டம் அதுதான்: பாதிக் கூடை எரு, பாதிக் கிண்ணம் உப்பு.

"நான் போட்டாச்சு! நீ போட்டியா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "இதோ போயிட்டே இருக்கேன்க்கா!" என்று அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். காபியைக்கூட அதற்குப் பிறகுதான் குடிப்பார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஒரு கேள்வி கெடுத்தது. காய் வாங்க வருகிற வியாபாரிக்கு எதைப் பார்த்தாலும் 'அடடே' என்றுதான் வாய் திறக்கும். அதனால் அவர் பெயரே அடடே ஆகிவிட்டது. அந்த அடடே, கைக்கொரு சிவப்புக் காயைப் பிடித்துக்கொண்டு, "அடடே, அப்படி என்னதான் போடறீங்க இதுக்கு?" என்று கேட்டார். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்.

"எல்லாம் என் எருவோட மகிமை" என்றாள் பெரியவள்.

சின்னவள் சிரித்துவிட்டாள். "எருவை மட்டும் நம்பியிருந்தா எலுமிச்சம்பழம் சைஸுலதான் காய்ச்சிருக்கும்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வெளியாள் முன்னால் சொன்னாளே! பெரியவளுக்கு முகம் சிவந்து போயிற்று. "ஆமாம்மா, நான் குப்பையைக் கிளறுறவ. நீதானே உப்புக் கரைச்ச மேதை. மண்ணைக் கல்லாக்கினவளும் நீதானே" என்றாள். பிறகு வார்த்தைக்கு வார்த்தை வளர்ந்து, எங்கேயோ போய், போன வருஷம் யாரோ யாருக்கோ காபி கொடுக்காததுவரை வந்துவிட்டது.

"இனிமே என் எரு ஒரு கூடைகூட அந்தக் குடிலுக்குள்ள வராது!"

"என் தொட்டியிலேர்ந்தும் ஒரு சொட்டு இறங்காது!"

அடடே இரண்டு காயையும் சத்தமில்லாமல் கூடையில் வைத்துவிட்டு நழுவினார்.

அதற்குப் பிறகு நேர்ப்பேச்சு நின்றது, ஜாடைப்பேச்சு தொடங்கியது. வாளிக்கு ஒரு குத்தல், பூனைக்கு ஒரு பதில் என்று முற்றத்தில் காலையிலிருந்து மாலைவரை நடக்கும். லாரியிலிருந்து இறங்கி நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாத அண்ணன் ஒரு நாள் பொறுமை இழந்தார். தம்பியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார்: "சண்டைக்கு முந்தி ரெண்டு பேருமா புதுசா நட்ட இந்தச் செடி காய்க்கிற வரைக்கும் பாக்கறேன். அடடே அடுத்த தடவை வரும்போது கூடை நெறையக் காய் இருக்கணும். இல்லேன்னா குடிலைப் பிரிச்சுட்டு நடுவுல வேலி போட்டுடறேன். அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு."

சொன்னதோடு நிற்கிற ஆளில்லை அவர். மறுநாளே லாரியில் வேலித் தூண்களைக் கொண்டுவந்து முற்றத்தில் அடுக்கிவிட்டார்.

அந்தத் தூண்கள் கண்ணில் படாதபடி பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே முற்றத்தைக் கடந்தாள். பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டார்கள். புருஷன் வண்டியும் கையுமாக அலைகிறவர். விடிந்து எழுந்தால் அவள் வாய் திறந்து பேச, சிரிக்க, சண்டை போட இருந்த ஒரே மனுஷி சின்னவள்தான். இப்போது பேசாவிட்டாலும் குழாயடியில் அவள் முதுகையாவது பார்க்க முடிகிறது. வேலி வந்தால் அதுவும் போச்சு. அதற்காக, தானே முதலில் இறங்கிப் போவதா? நல்லா இருக்கே கதை! சின்னவள்தானே சிரித்தாள்? அவளே வரட்டும்.

குடில் பக்கமே போகக் கூடாது என்றுதான் இருந்தாள். இரண்டு நாள்தான் தாக்குப் பிடித்தது. எட்டிப் பார்த்தால், நட்ட கன்றுகள் இத்தனூண்டு இலையை வைத்துக்கொண்டு அவளையே பார்ப்பது போல் இருந்தது. "சண்டை எங்களுக்குள்ள. நீங்க என்னடா பாவம் பண்ணீங்க?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். தானோ எரு போடுவதில்லை என்று சபதம் செய்தவள். அந்த மகராசியோ ஒரு சொட்டு விடமாட்டேன் என்றவள். தண்ணீரையாவது தம்பி மோட்டார் போட்டுத் திறந்துவிடுகிறார், செடிக்கு யார்தான் சோறு போடுவது?

சின்னவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஒரு கூடை எருவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பழக்கம் பாதிக் கூடைதான். ஆனால் மற்ற பாதியைக் கொடுக்க வேண்டியவள்தான் கையை விரித்துவிட்டாளே, அந்தக் குறையையும் சேர்த்து ஈடுகட்ட வேண்டாமா? செடிகளின் காலடியில் பரப்பியிருந்த வைக்கோலை விலக்கி, முழுக் கூடையையும் போட்டு, மறுபடி வைக்கோலை மூடி, ஒன்றும் தெரியாதவள் போல வந்து வாளியைத் தேய்க்க உட்கார்ந்தாள். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும்.

செடிகள் கிடுகிடுவென்று எழுந்தன. ஒவ்வொரு இலையும் கை அகலம். பச்சை என்றால் கறுப்புக்குப் பக்கத்துப் பச்சை. பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. 'பாத்துக்கோ, உப்பே இல்லாம வளத்துக் காட்டறேன்' என்று உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டாள். பூவும் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பூத்த பூவெல்லாம் உதிரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். காலையில் போனால் வைக்கோல் மேல் பூக்களாகவே கிடக்கும், செடியில் பிஞ்சைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பிய நாலைந்து பிஞ்சுக்கும் அடிப்பக்கம் பழுப்பாகக் குழி விழுந்தது. இலை ஓரம் தீய்ந்தது.

பசிதான் என்று முடிவு செய்தாள் பெரியவள். இன்னொரு கூடை போட்டாள்.

அது இன்னும் மோசமாயிற்று. அடடே வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தூண்கள் முற்றத்தில் அப்படியே கிடந்தன. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் பாதி அப்படியே மிஞ்சியது.

அன்று மத்தியானமும் அப்படித்தான். தட்டில் இருந்த மீன் துண்டை அப்படியே எடுத்துப் பூனைக்கு வைத்தாள். சின்னவள் பூனையோடு பேசுவதோடு சரி, சோறு போடுவதெல்லாம் தான் மட்டும்தான் என்பது அவள் நினைப்பு. பூனை வந்தது. மோந்து பார்த்தது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பூசணிக்காய் போலிருந்த வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டது. மேலே விட்டத்தில் ஒரு எலி பட்டப்பகலில், கல்யாண வீட்டுக்குப் போவது போல நிதானமாகப் போயிற்று. பூனை அதைத் தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"மீன்கூட வேண்டாமா? உடம்புக்கு என்னடி?" என்று பெரியவள் பதறினாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவளின் குரல் கேட்டது. பூனையைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எங்கடி போன? பாலை மட்டும் குடிச்சுட்டு ஓடிட்ட. மீனும் வச்சிருக்கேன், வா. அந்தப் பக்கம் போய் நின்னா யாரு உனக்குப் போடுவாங்க? நான்தானே போடணும்."

பெரியவள் கையில் தட்டோடு அப்படியே நின்றாள். பூனையைப் பார்த்தாள். அதன் வயிற்றைப் பார்த்தாள். இரண்டு அடுப்படியிலும் முழுச் சாப்பாடு! இவள் போடமாட்டாள் என்று அவள், அவள் போடமாட்டாள் என்று இவள். இதில் வீட்டில் எலி பிடிக்க ஆளில்லாமல் போனதுதான் மிச்சம்.

தட்டைக் கீழே வைத்தாள். கை கழுவக்கூட மறந்து குடிலுக்கு ஓடினாள்.

இத்தனை நாளும் அவள் வைக்கோலைச் செடியின் ஒரு பக்கம்தான் விலக்குவாள். சொட்டுக்குழாய் இருக்கும் மறுபக்கம் சின்னவளின் இலாகா. அதைத் தொடுவதே கௌரவக் குறைவு. இன்று அந்தப் பக்கத்து வைக்கோலைத் தள்ளினாள். குழாயின் வாய் ஈரமாக இருந்தது. சுற்றிலும் மண் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அடுத்த செடியிலும் அதே. கடைசிச் செடிவரை போய்ப் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி!" என்றாள் பெரியவள். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "நீயும் பட்டினி போடலையாடி!"

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். எத்தனை கூடை கொட்டினோம் என்று விரல் விட்டு எண்ணினாள். செடிக்குப் பசியே இல்லை. இரண்டு பந்தியிலும் உட்கார வைத்து, போதும் போதும் என்றாலும் விடாமல் ஊட்டியிருக்கிறார்கள். இலையாகப் பெருத்துப் பூவை உதறாமல் வேறென்ன செய்யும்? உடனே நிறுத்தியாக வேண்டும். தான் மட்டும் நிறுத்தினால் போதாது, அவளும் நிறுத்த வேண்டும். அதற்குச் சொல்ல வேண்டும். சொன்னால், சபதத்தைத் தானும் மீறியது வெளியே வந்துவிடும். வெட்கக்கேடு! ஆனால் முற்றத்துக்கு வந்ததும் கண்ணில் பட்டது தூண்கள்தான். வெட்கம் கிடக்கட்டும் என்று நடந்தாள்.

சின்னவள் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தாள். நேரே பேசத்தான் வந்தாள். பாழாய்ப்போன வாய் பழக்கத்தில் வாளியைப் பார்த்துத்தான் திறந்தது.

"சில பேர் ஒரு சொட்டு இறங்காதுன்னு சொன்னாங்க. குழாய் வாயைச் சுத்தி வெள்ளையா பூத்துக் கிடக்கு."

சின்னவளின் கை குடத்தில் நின்றுவிட்டது. பூனையைத் தேடினாள். அது பின்னாலேயே அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது. அதனிடம் சொன்னாள்: "செடி வாடக் கூடாதேன்னு விட்டேன். தப்பா? வேற யாரும்தான் ஒண்ணும் போடலையே."

"போடலேன்னு யாரு சொன்னா?" என்று வாளியிடம் கேட்டாள் பெரியவள்.

குடம் நிறைந்து வழிந்தது. சின்னவள் குழாயை மூடவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கி, வாளியையும் பார்க்காமல் பூனையையும் பார்க்காமல், பெரியவளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அக்கா! நீங்க எவ்வளவு போட்டீங்க?"

"முழுக் கூடை."

"ஐயோ!"

"நீ?"

"முழுக் கிண்ணம். பூ உதிருதுன்னு அப்புறம் ஒரு கிண்ணம் சேத்தும் விட்டேன்."

"நானும் ஒரு கூடை சேத்துப் போட்டேன்டி!"

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. சின்னவள் குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பெரியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சிரிப்பு நடுவிலேயே சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த ஆள் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றாள்.

"நானும்தான் வாயை அடக்கியிருக்கணும். உன்கூடப் பேசாம எனக்குச் சோறு இறங்கலடி" என்றாள் பெரியவள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். பிறகுதான் கை கழுவாதது நினைவுக்கு வந்தது. சின்னவளின் கன்னமெல்லாம் மீன் வாசனை.

அன்று சாயங்காலமே வேலையில் இறங்கினார்கள். வைக்கோலை விலக்கி, மண்ணோடு கலக்காமல் கிடந்த எருவை வாரி வெளியே எடுத்தாள் பெரியவள். தொட்டியை அலம்பி வெறும் தண்ணீரைத் திறந்துவிட்டாள் சின்னவள். "உப்பு கீழே இறங்கணும்க்கா. அதுவரைக்கும் வெறும் தண்ணிதான்" என்றாள். சும்மா இருப்பதுதான் இருவருக்கும் பெரிய தண்டனை. ஒருத்தி குடில் பக்கம் நடந்தால் மற்றவள், "கையில என்ன?" என்று கேட்பாள். "ஒண்ணும் இல்ல, பாரு" என்று இவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். பூனைக்கும் அதே வைத்தியம்தான், காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. முதலில் முற்றத்தில் நின்று ஊரைக் கூட்டியது. அப்புறம் வேறு வழியில்லாமல் விட்டத்தில் ஏறியது.

மண் மேல் பூத்திருந்த வெள்ளை மறைந்தது. புதிதாக வந்த தளிர் தீயாமல் வந்தது. பாதிக் கூடை, பாதிக் கிண்ணம் என்று பழைய சட்டத்துக்குத் திரும்பினார்கள். காலையில் சுவரைத் தாண்டிக் குரல்கள் பறந்தன. அடுத்து வந்த பூக்கள் செடியிலேயே தங்கின. கோலிக்குண்டு அளவு, எலுமிச்சை அளவு என்று பிஞ்சுகள் பருத்தன. ஆனால் இழந்த நாள் இழந்ததுதானே? அடடே வர வேண்டிய நாள் வந்தபோது, செடி நிறையப் பிஞ்சு இருந்தது, பறிக்கிற மாதிரி ஒரு காய்கூட இல்லை.

அண்ணன் வந்து குடிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "காய் எங்க?" என்றார்.

"வருதுங்க" என்றாள் பெரியவள்.

"வருதுன்னா? வர்றதைக் கூடையில போட முடியுமா?"

நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "இன்னிக்குச் சேந்துட்டீங்க, சரி. நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு கேள்வி கேப்பான். மறுபடி வாளியும் பூனையுமா நிப்பீங்க, மறுபடி செடி சாகும். வேலி இருந்தா யாருக்கும் வம்பில்ல" என்றார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், குடிலுக்கு வெளியே, நிலத்தின் நடுவில் முதல் குழியைத் தோண்டத் தொடங்கினார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் பெரியவளை உலுக்கியது. ஒவ்வொரு குத்துக்கும் மண் சிதறி விழுந்தது. சின்னவள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அடடே கூடைகளோடு உள்ளே நுழைந்தார். சண்டை, சபதம், தூண் எதுவும் அவருக்குத் தெரியாது. குழியைப் பார்த்தார். "அடடே! வெளியிலயும் நடப் போறீங்களா? நல்லதாப் போச்சு, எவ்வளவு காய்ச்சாலும் நான் எடுத்துக்கறேன்" என்றார்.

பெரியவள் குழியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சின்னவளின் கையை விட்டுவிட்டு எருக்குழிக்கு நடந்தாள். பாதிக் கூடை எருவோடு திரும்பி வந்து, தூணுக்குத் தோண்டிய குழியில் தோண்டிய மண்ணைக் காலால் பாதிவரை தள்ளிவிட்டு, இரண்டு கை எருவை அள்ளிப் போட்டாள்.

"என்னடி பண்ற?" என்றார் அண்ணன், கடப்பாரையைத் தூக்கியபடியே.

அவள் தலையைத் திருப்பி, தெருவுக்கே கேட்கும் குரலில் கூப்பிட்டாள்: "ஏய்! நான் என் பங்குக்குப் பாதிதான் போட்டிருக்கேன். உன்னோடதைக் கொண்டா!"

"இதோ வந்துட்டேன்க்கா!"

சின்னவள் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள். பெரியவள் எட்டிப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள். அதிலிருந்து இரண்டு சிட்டிகை எடுத்துக் குழிக்குள் தூவினாள் சின்னவள். இரண்டையும் மண்ணோடு கலந்தார்கள். மிச்சம் வைத்திருந்த கன்றுகளில் ஒன்றை நட்டு, சுற்றிலும் நாலு கையாலும் அமுக்கிவிட்டார்கள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள் பெரியவள். வெகு நாள் கழித்து அந்த வாளி வாளி வேலை பார்த்தது.

பிறகு எழுந்து, மண் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்: "அடுத்த குழியையும் தோண்டுங்க. ரொம்ப ஆழம் வேண்டாம். கொஞ்சம் நெருக்கமாவே இருக்கட்டும், செடிக்குத்தானே."

அண்ணன் தூண் அடுக்கைப் பார்த்தார். "அப்போ இதை எல்லாம் என்ன பண்றது?"

"இந்த வரிசைக்கும் மேல ஒரு குடில் வேணுமில்ல? அதுக்கு ஆகும்" என்றாள் சின்னவள், பெரியவளின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

தம்பிதான் முதலில் சிரித்தார். அடடே எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். அண்ணன் இருவரையும் முறைத்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓரடி தள்ளி, இரண்டாவது குழியைத் தோண்டத் தொடங்கினார். பெரியவள் எருக்கூடையை எடுக்கக் குனிந்தவள், பாதியில் நிறுத்திச் சின்னவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நீ முதல்ல போடறியா, நான் போடட்டுமா?"